வீடு மாறப் போகிறீர்களா? வண்டி பேசும் முன் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள்

நெடுஞ்சாலையிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் உள்ளே இருக்கும் கிராமத்தில் குடியிருக்கிறீர்கள். வேலைக்காகவோ பிள்ளைகளின் படிப்புக்காகவோ வேறு ஊருக்குக் குடி போக வேண்டியிருக்கிறது. சென்னை, கோவை போன்ற நகரம் என்றால் செல்போனில் ஒரு செயலியைத் திறந்து முகவரியைப் போட்டாலே வாடகை எவ்வளவு என்று காட்டிவிடும். நம் ஊர்ப் பெயரை அதில் தேடினால் பெரும்பாலும் வராது. கடைசியில் வண்டி ஸ்டாண்டில் போய்த்தான் விசாரிக்கிறோம்.

அங்கே ஒருவர் "4,500 கொடுங்க, போதும்" என்கிறார். இன்னொருவர் "7,500 ஆகும்" என்கிறார். இரண்டு தொகைக்கும் நடுவே 3,000 ரூபாய் வித்தியாசம். ஒரு குடும்பத்தின் ஒரு மாத மளிகைச் செலவு அது. குறைத்துச் சொன்னவருக்கே வண்டியைப் பேசிவிட்டு, இறக்கி முடிக்கும் நேரத்தில் "சுங்கம் தனி, படி தனி, ஆள் கூலி தனி" என்று கேட்கும்போது திகைத்து நிற்பவர்கள் பலர். சாமான் பாதி வண்டியிலும் பாதி வாசலிலும் கிடக்கிற நேரத்தில் பேரம் பேசவும் முடியாது.

இதைத் தவிர்க்கப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். வண்டி வாடகை எந்தெந்தச் செலவுகளால் ஆனது என்று தெரிந்துகொண்டு, நீங்களே ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொண்டால் போதும். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது, கிளம்பும் முன்னும் போன பின்னும் எந்தெந்த அரசுப் பதிவுகளை மாற்ற வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

வாடகைக்குள் என்னென்ன இருக்கிறது?

வண்டிக்காரர் சொல்லும் ஒரு தொகைக்குள் கீழே உள்ள ஆறும் அடங்கியிருக்கலாம், சிலது விட்டுப்போயிருக்கலாம்.

1. டீசல்: உங்களை இறக்கிவிட்டு வண்டி காலியாகத் திரும்ப வேண்டும். அதனால் போக, வர இரண்டுக்கும் டீசல் கணக்கு உண்டு.
2. சுங்கக் கட்டணம்: நெடுஞ்சாலையில் எத்தனை சுங்கச்சாவடி, எந்த வகை வண்டி என்பதைப் பொறுத்தது.
3. ஓட்டுநர் படி: "பேட்டா" என்று கேட்பார்கள். இரவு தங்க நேர்ந்தால் கூடும்.
4. வண்டி வாடகை: தவணை, இன்சூரன்ஸ், டயர் தேய்மானம், உரிமையாளரின் வருமானம் எல்லாம் இதில்தான்.
5. ஏற்று, இறக்குக் கூலி: இரண்டு ஊரிலும் ஆள் வேண்டும்.
6. காத்திருப்பு: ஏற்றுவதற்கு இரண்டு மணி நேரம் என்று பேசிவிட்டு ஐந்து மணி நேரம் ஆனால் கூடுதலாகக் கேட்பார்கள்.

விலை கேட்கும்போது "மொத்தம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் போதாது. "இந்த ஆறில் எது உள்ளே, எது தனி?" என்றும் கேளுங்கள். மேலே சொன்ன இரண்டு விலையில் எது உண்மையில் மலிவு என்பது அப்போதுதான் தெரியும்.

முதல் வேலை: சாமான் பட்டியல்

"வீட்டுச் சாமான்தான், கொஞ்சம்தான் இருக்கு" என்று ஃபோனில் சொல்லி வண்டி வரவழைத்தால் தப்பு நடப்பது அங்கேதான். வந்து பார்த்த ஓட்டுநர் "இது ரெண்டு நடை ஆகும்" என்பார். ஆகவே ஒவ்வொரு அறையாகப் போய் எழுதுங்கள். பெரிய சாமான்களைத் தனியாக எழுதுங்கள்: கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், தையல் மெஷின், இன்வெர்ட்டர் பேட்டரி, தண்ணீர் டிரம், பைக். பாத்திரம், துணி, புத்தகம் எல்லாம் எத்தனை மூட்டை, எத்தனை பெட்டி வரும் என்று உத்தேசமாகப் போடுங்கள்.

கிராமத்து வீட்டில் மறந்துபோகும் கனம் இரண்டு. ஒன்று தானிய மூட்டை. 75 கிலோ கேழ்வரகு மூட்டை நாலு இருந்தால் அதுவே 300 கிலோ. இன்னொன்று அம்மி, ஆட்டுக்கல், பழைய கதவு, மரச்சட்டம் மாதிரியான சாமான்கள். பார்க்கக் கொஞ்சம் இடம்தான் பிடிக்கும், எடை தாங்காது. புது வீட்டில் இதற்கெல்லாம் இடம் இருக்கிறதா என்று இப்போதே யோசியுங்கள். தேவையில்லாததை இங்கேயே விற்றோ கொடுத்தோ விட்டால் வாடகை குறையும்.

பட்டியல் முடிந்ததும் ஒவ்வொரு அறையையும் செல்போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்து, பட்டியலோடு வாட்ஸ்ஆப்பில் வண்டிக்காரருக்கு அனுப்புங்கள். "நீங்க சொன்னதைவிட அதிகமா இருக்கே" என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. போன இடத்தில் சாமான் சரிபார்க்கவும் அதே பட்டியல் உதவும்.

எந்த வண்டி சரி?

குட்டி யானை என்று நாம் சொல்லும் சின்ன வண்டி ஏறக்குறைய முக்கால் டன் ஏற்றும். தளம் சுமார் ஏழு அடி நீளம். ஒற்றை அறை வீடு, புதிதாகக் கல்யாணமான குடும்பம் என்றால் போதும். மேலே சொன்ன நாலு மூட்டை கேழ்வரகை ஏற்றினால் அதன் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்கு அங்கேயே போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

பிக்கப், தோஸ்த் வகை வண்டிகள் மாடலைப் பொறுத்து ஒன்றேகால் டன்னிலிருந்து ஒன்றரை டன்னுக்கு மேலும் ஏற்றும். இரண்டு அறை வீட்டுச் சாமானுக்குப் பெரும்பாலும் இதுவே பொருந்தும். அதற்கு மேல் சாமான், கூடவே பைக், தானியம் என்றால் 407 அல்லது 14 அடி ஐச்சர் பார்க்கலாம்.

"கொஞ்சம் மேல தூக்கிக் கட்டிக்கலாம் சார்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவின்படி அதிக எடை ஏற்றினால் 20,000 ரூபாயும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். எடை சரியாக இருந்து, சாமான் பக்கவாட்டிலோ பின்னாலோ அனுமதித்த உயரத்துக்கு மேலோ நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000 ரூபாய் அபராதம் உண்டு. சாமானை அங்கேயே இறக்கவும் சொல்வார்கள், அந்தச் செலவும் சேரும். நடு வழியில், வெயிலில், குடும்பத்தோடு அந்த நிலைமை வர வேண்டாம்.

வழியை நடந்து பாருங்கள்

நெடுஞ்சாலை நன்றாக இருக்கும். சிக்கல் வருவது நம் வீட்டிலிருந்து நெடுஞ்சாலை வரைக்கும் உள்ள அந்த நாலைந்து கிலோமீட்டரில்தான். வண்டி பேசும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்:

- தெருவின் குறுகலான இடத்தில் அகலம் எத்தனை அடி? வண்டி திரும்ப இடம் உண்டா?
- தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி, கேபிள், மரக்கிளை இருக்கிறதா? மின்கம்பி தாழ்ந்திருந்தால் குச்சியால் தூக்கிப் பிடிக்கும் வேலை வேண்டவே வேண்டாம். மின்வாரியத்திடம் முன்கூட்டியே புகார் கொடுங்கள்.
- மழை பெய்தால் சேறாகும் மண் சாலையா? சின்னப் பாலம், வாய்க்கால் குழாய் எடை தாங்குமா?

பெரிய வண்டி வாசல் வரை வராது என்றால், வீட்டிலிருந்து ஊர்ச் சாலை வரை டிராக்டர் டிப்பரில் கொண்டுபோய் அங்கே மாற்றி ஏற்றலாம். ஆனால் ஏற்றி இறக்கும் வேலை ஒரு தடவை கூடுகிறது. கூலியில் அதையும் சேருங்கள். எக்காரணம் கொண்டும் நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தி ஏற்றாதீர்கள், குறிப்பாக இருட்டில். வேகமாக வரும் வாகனத்துக்கு நிற்கும் வண்டி தெரியாமல் போவதால் நடக்கும் விபத்துகள் ஏராளம். சர்வீஸ் ரோட்டிலோ, பஞ்சாயத்து அலுவலகம், பள்ளி மைதானம் மாதிரியான இடத்திலோ கேட்டு ஏற்றுங்கள். அதேபோல, தூரம் மிச்சம் என்று எதிர்த் திசையில் வண்டியை ஓட்டச் சொல்லாதீர்கள். திரும்பும் இடம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அங்கே போய்த் திரும்புவதுதான் பாதுகாப்பு.

இனி கணக்குப் போடுவோம்

ஓர் உதாரணம். தருமபுரி மாவட்டம் காரிமங்கலத்திலிருந்து 6 கி.மீ. உள்ளே ஒரு கிராமம். குடும்பத் தலைவருக்கு ஓசூரில் வேலை. இரண்டு அறை வீட்டுச் சாமான், பிக்கப் வண்டி. வண்டி காரிமங்கலம் ஸ்டாண்டிலிருந்து வருகிறது. காரிமங்கலத்திலிருந்து ஓசூருக்குத் தேசிய நெடுஞ்சாலை 44 வழியாக 76 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வழியில் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வரும். கீழே உள்ள தொகைகள் கணக்குப் புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் நிலவரத்தைக் கேட்டு அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் தூரம். ஸ்டாண்டிலிருந்து கிராமத்துக்கு 6 கி.மீ. கிராமத்திலிருந்து ஓசூர் 82 கி.மீ. ஓசூரிலிருந்து ஸ்டாண்டுக்குத் திரும்ப 76 கி.மீ. ஓசூருக்குள் சுற்றுவதற்கு 6 கி.மீ. மொத்தம் 170 கி.மீ.

- டீசல்: லிட்டருக்கு 10 கி.மீ. என்றால் 17 லிட்டர். லிட்டர் 93 ரூபாய் என்றால் 1,581. அதாவது 1,600 ரூபாய்.
- சுங்கம் போக, வர: 300 ரூபாய்.
- ஓட்டுநர் படி: 700 ரூபாய்.
- வண்டி வாடகை: 2,500 ரூபாய்.
- ஏற்ற 2 பேர், இறக்க 2 பேர், ஆளுக்கு 600: 2,400 ரூபாய்.
- அட்டைப் பெட்டி, சாக்கு, கயிறு, டேப்: 400 ரூபாய்.

கூட்டினால் 7,900 ரூபாய். எதிர்பாராத செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் ஏறக்குறைய 8,700 ரூபாய். இதைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பினால் வழியில் யாரிடமும் கடன் கேட்க வேண்டியிருக்காது. குடும்பத்தாரின் பேருந்துக் கட்டணம் இதில் சேரவில்லை. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளுக்கு உரியது. வெளியூர்ப் பேருந்தில் டிக்கெட் எடுக்க வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள்.

இப்போது முதலில் சொன்ன இரண்டு விலைக்கு வருவோம். 4,500 சொன்னவரின் தொகையில் டீசலும் வண்டி வாடகையும் மட்டுமே இருக்கிறது என்று வையுங்கள். சுங்கம் 300, படி 700, ஆள் கூலி 2,400 சேர்த்தால் 7,900 ஆகிவிடும். 7,500 சொன்னவர் ஆள் கூலி உட்பட எல்லாமே அதில் அடக்கம் என்கிறார் என்றால், அவரிடம் உங்களுக்கு 400 ரூபாய் மிச்சம். அதிகமாகத் தெரிந்த விலைதான் குறைந்த விலை.

ஒரு நடையா, இரண்டு நடையா?

"குட்டி யானையில ரெண்டு நடையா அடிச்சிடலாம், மலிவா முடியும்" என்று பலர் சொல்வார்கள். உள்ளூருக்குள் மாறுவதற்கு அது சரி. தூரம் 20 கி.மீ. தாண்டிவிட்டால் கணக்கு மாறுகிறது. மேலே உள்ள உதாரணத்தில் குட்டி யானைக்கு ஒரு நடைக்கு 3,500 என்றாலும் இரண்டு நடைக்கு 7,000. பிக்கப்புக்கு டீசல், சுங்கம், படி, வாடகை சேர்த்து ஒரே நடைக்கு 5,100. இரண்டு நடை என்றால் ஆட்களும் இரண்டு தடவை வேண்டும். முதல் நடைச் சாமானைப் புது வீட்டில் காவல் காக்க ஓர் ஆள், இங்கே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். தூரமாகப் போகிறவர்கள் ஒரு படி பெரிய வண்டியாகப் பேசி ஒரே நடையில் முடிப்பதுதான் பெரும்பாலும் மிச்சம்.

எப்போது போனால் வாடகை குறையும்?

நம் ஊரில் ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாற மாட்டார்கள். அந்த மாதங்களில் வண்டிகள் சும்மா நிற்கும். தை, ஆவணி மாதங்களிலும் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலும் தேவை கூடும், முகூர்த்த நாளென்றால் சொல்லவே வேண்டாம். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் சீசனில் பிக்கப்புகள் தோப்புக்கும் கூழ் ஆலைக்கும் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது வாடகை ஏறும். உங்கள் ஊரில் எந்தப் பயிர் எப்போது அறுவடை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல நாள் பார்ப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. முகூர்த்த நாளில் குடும்பத்தோடு பேருந்தில் போய்ப் பால் காய்ச்சிவிட்டு, விளக்கு, உப்பு, அரிசி, ஒரு குடம் தண்ணீர் வைத்துவிட்டு வந்துவிடலாம். சாமானை அடுத்த வாரம் ஒரு புதன்கிழமையோ வியாழக்கிழமையோ ஏற்றலாம். நாளும் தவறாது, வாடகையும் குறையும்.

இன்னொன்று ரிட்டன் வண்டி. வெளியூரிலிருந்து சரக்கு இறக்க வரும் வண்டிகள் காலியாகத் திரும்பும். நீங்கள் போகும் ஊர் அந்த வண்டியின் சொந்த ஊர்ப் பக்கம் என்றால், திரும்பும் டீசல் உங்கள் தலையில் விழாது. மளிகை மொத்தக் கடை, உரக்கடை, ஹார்டுவேர் கடைக்காரர்களிடம் "ஓசூர் வண்டி எந்தக் கிழமை வரும் அண்ணா?" என்று கேட்டுப் பாருங்கள். நேரம் அவர்களுடையது என்பதால் முந்தின நாளே எல்லாம் கட்டி முடித்திருக்க வேண்டும்.

பேசியதை எழுத்தில் வையுங்கள்

ஒப்பந்தப் பத்திரம் எல்லாம் வேண்டியதில்லை. இப்படி ஒரு வாட்ஸ்ஆப் செய்தி போதும்:

"அண்ணா, வர்ற புதன்கிழமை காலை 7 மணிக்கு எங்க வீட்டு வாசலுக்கு வண்டி வரணும். ஓசூர்ல வீட்டு வாசல் வரைக்கும் இறக்கணும். டீசல், டோல், பேட்டா, ஏற்று இறக்குக் கூலி எல்லாம் சேர்த்து 7,500. அட்வான்ஸ் 1,000 அனுப்பிட்டேன். மீதி இறக்கின பிறகு. சாமான் லிஸ்ட் மேல அனுப்பியிருக்கேன். சரின்னா ஓகே போடுங்க."

"பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்ற வார்த்தையில் எதையும் விட்டுவிடாதீர்கள். மாடி ஏற்ற வேண்டுமா, தெருமுனையிலிருந்து தூக்க வேண்டுமா, புது ஊரில் உள்ளூர் சுமை தூக்குவோரைத்தான் வைக்க வேண்டுமா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். ஆன்லைனில் பார்த்த, முன்பின் தெரியாத எண்ணுக்குப் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். பணம் ஏமாந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்

வண்டி எண் கிடைத்ததும் எம்-பரிவாகன் செயலியில் போட்டால் இன்சூரன்ஸ், தகுதிச் சான்று இரண்டும் நடப்பில் உள்ளதா என்று தெரியும். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் நம்பர் பிளேட்டில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை பிளேட் வண்டி மலிவாக வரலாம். சொந்த உபயோகத்துக்கான வண்டியை வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரித்துவிட வாய்ப்பு உண்டு.

சுங்கக் கட்டணத்தை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் ராஜ்மார்க் யாத்ரா செயலியில் பார்க்கலாம். 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் போக, வர இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான். செல்லத்தக்க ஃபாஸ்டேக் இல்லாத வண்டிக்கு, 2025 நவம்பர் 15 முதல், யுபிஐ-யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு கட்ட வேண்டும். "ஃபாஸ்டேக்ல பணம் இருக்கா அண்ணா?" என்று கிளம்பும் முன் கேட்டுவிட்டால் அந்தக் கூடுதல் செலவு உங்கள் கணக்கில் சேராது.

பயன்படுத்திய சொந்த வீட்டுச் சாமான்களுக்கு ஜி.எஸ்.டி. இ-வே பில் தேவையில்லை. "பில் எடுக்கணும், 500 கொடுங்க" என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

சாமான் மேல் ஆள் ஏறக் கூடாது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். பாட்டியைக் கட்டில் மேலும், பிள்ளைகளை மெத்தை மேலும் உட்கார வைத்துக்கொண்டு போகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஒரே ஒரு திடீர் பிரேக் போதும், கயிறு அறுந்து பீரோ சாய்ந்துவிடும். சரக்கு வண்டியின் பின்புறம் ஆட்களை ஏற்றுவது சட்டப்படியும் குற்றம்.

இன்சூரன்ஸ் விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். சரக்கு வண்டியில் பொருளின் உரிமையாளர் அல்லது அவரது பிரதிநிதி போகலாம், அவருக்கு இன்சூரன்ஸ் பாதுகாப்பு உண்டு. அவர் உட்கார வேண்டிய இடம் முன்பக்கக் கேபின். சாமான் மேல் உட்கார்ந்து போகும் மற்றவர்களுக்கு விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து இழப்பீடு பெறுவது மிகவும் கஷ்டம். பேருந்து டிக்கெட்டுக்கு ஆகும் சில நூறு ரூபாயை இங்கே மிச்சப்படுத்தாதீர்கள். குடும்பத்தில் ஒருவர் மட்டும் கேபினில், மற்றவர்கள் பேருந்தில்.

ஏற்றும்போது கனமான சாமான் ஓட்டுநர் பக்கமாக, அடியில் இருக்கட்டும். ஃப்ரிட்ஜை நிமிர்த்தியே வையுங்கள், இறக்கிய பிறகு சில மணி நேரம் கழித்து ஸ்விட்ச் போடுங்கள். பேட்டரியும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். பைக்கை ஏற்றினால் பெட்ரோலை வடித்துவிடுங்கள். கேஸ் சிலிண்டர், மண்ணெண்ணெய், பட்டாசு எதுவும் வண்டியில் வேண்டாம். நகை, பத்திரம், ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், மருந்து எல்லாம் ஒரே பையில், உங்கள் கையில்.

கிளம்பும் முன் முடிக்க வேண்டியவை

பள்ளி: மாற்றுச் சான்றிதழுக்கு ஒரு வாரம் முன்பே கேளுங்கள். சான்றிதழ் தாமதமானாலும் 8-ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைக்கு அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. காகிதம் வரவில்லை என்று பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேஸ்: வேறு ஊருக்குப் போகும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் இப்போதைய ஏஜென்சியில் ஒப்படைத்து, கட்டிய வைப்புத்தொகையையும் இணைப்பு மாற்றத்துக்கான சான்றையும் வாங்குங்கள். புது ஊர் ஏஜென்சியில் அந்தச் சான்றைக் கொடுத்தால் இணைப்பு கிடைக்கும்.

மின்சாரம்: வாடகை வீடு என்றால் கடைசி நாளில் மீட்டரைப் படம் எடுத்து, கட்டணத்தைக் கட்டிவிட்டு வீட்டு உரிமையாளருக்கு ரசீதை அனுப்புங்கள். புது வீட்டிலும் முதல் நாளே மீட்டரைப் படம் எடுங்கள். பழைய பாக்கி உங்கள் தலையில் வராமல் இருக்க அந்த ஒரு படம் போதும்.

வாடகை ஒப்பந்தம்: எழுத்தில் போடுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தத்தை வாடகை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதப்படாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. முகவரி மாற்றும்போது இந்த ஒப்பந்தம் கைகொடுக்கும்.

வங்கிக் கணக்கு: பழைய ஊர்க் கணக்கை அவசரப்பட்டு மூடாதீர்கள். மகளிர் உரிமைத் தொகை, முதியோர் உதவித்தொகை, கேஸ் மானியம் எதுவானாலும் அதே கணக்குக்குத்தான் வந்துகொண்டிருக்கும்.

போன பின் மாற்ற வேண்டியவை

ரேஷன்: முகவரி மாறும் வரை பொருள் கிடைக்காதோ என்று பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் எந்த நியாயவிலைக் கடையிலும் கைரேகை வைத்துப் பொருள் வாங்கலாம். நிரந்தரமாகப் போகிறீர்கள் என்றால் பொது விநியோகத் திட்ட இணையதளத்தில் முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள்.

ஆதார்: செல்போன் எண் ஆதாரோடு இணைந்திருந்தால் மை-ஆதார் தளத்தில் முகவரிச் சான்றைப் பதிவேற்றி வீட்டிலிருந்தே மாற்றலாம். இணைக்கவில்லை என்றால் ஆதார் மையத்துக்குப் போக வேண்டும். மற்ற ஆவணங்களுக்கு ஆதார் முகவரியைக் கேட்பார்கள் என்பதால் இதை முதலில் முடியுங்கள்.

வாக்காளர் பட்டியல்: படிவம் 8 மூலம் புது முகவரிக்கு மாற்றலாம். தொகுதி மாறினாலும் இதே படிவம்தான். தேர்தல் ஆணையத்தின் செயலியிலேயே செய்யலாம்.

ஸ்மார்ட்போனில் செய்யத் தெரியாத பெரியவர்கள் பக்கத்து இ-சேவை மையத்தில் கேட்கலாம். சேவைக் கட்டணத்துக்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

செல்போனில் பதிந்து வைக்க வேண்டிய எண்கள்

- தேசிய நெடுஞ்சாலையில் வண்டி பழுது, விபத்து: 1033
- ஆம்புலன்ஸ்: 108
- அவசர உதவி, காவல்துறை: 112
- மின்னகம், மின் புகார்: 94987 94987
- கேஸ் கசிவு: 1906
- ரேஷன்: 1967
- ஆதார்: 1947
- வாக்காளர் உதவி: 1950
- முதல்வரின் உதவி மையம்: 1100

கிளம்பும் நாள் முடிவானதும் முதலில் சாமான் பட்டியல், பிறகு ஆறு செலவுகளின் கணக்கு, அதன் பிறகு மூன்று வண்டிக்காரர்களிடம் விலை. இந்த வரிசையில் போனால் அரை நாள் வேலைதான். உங்கள் தெருவில் அடுத்து யாராவது வீடு மாறுகிறார்கள் என்றால், நீங்கள் போட்ட கணக்கை அவர்களுக்கும் காட்டுங்கள்.